பதிமூன்றாவது முடிவு

மரபணுத் தரவுகளைக் கணினியில் ஆராயக் காம்பார் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுப்பவள் எல்ஸி. பயிற்சிக்கென்று பத்து மாணவர்களின் எச்சிலோடு தன்னுடையதையும் கணவன் கென்னத்துடையதையும் மூன்று மாதத்துக்கு முன்பே ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு பேருக்குப் பதிமூன்று முடிவுகள் வந்தன. பெயரில்லாத அந்தக் கடைசி முடிவை மற்றவற்றோடு நான்கு முறை ஒப்பிட்டாள். பாதி அவளுடையது, பாதி கென்னத்துடையது. பெண்.

கல்யாணமாகி ஒன்பது வருடமாக அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

மறுவாரம் பத்து காஜா ஊர் மருத்துவமனையில் டாக்டர் சொன்னார்: "ஆறு வாரம், எல்ஸி!"

கென்னத் குதித்தே விட்டான். "ஆம்பளையோ பொம்பளையோ, எதுவா இருந்தா என்னலா!"

எல்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சுருட்டை முடி," என்றாள். "கன்னத்துல உங்க குழி."