வெப்பமானிக்கு ஓர் ஈரத்துண்டு

உப்பளத்து வரப்பில் கம்பு நட்டு, அரசாங்கம் ஒரு வெப்பமானியை மாட்டிவிட்டுப் போயிருந்தது. நாற்பதைத் தாண்டினால் அதிலிருக்கும் சங்கு ஊதும். ஊதினால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய்விட வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். நிழலில் உட்கார்ந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். முதலாளி மறக்காமல் அந்தக் கூலியைப் பிடித்துக்கொண்டார். அதனால் பெண்கள் முறைவைத்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டார்கள். இன்று பேச்சித்தாயின் முறை. கைக்குழந்தைக்குப் பிடிப்பதுபோல் அதற்குக் குடை பிடித்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் துண்டை நனைத்துச் சுற்றி, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பதில் நின்றது. அப்போது உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வக்கனி பாத்திக்குள்ளேயே சரிந்தாள். பேச்சித்தாய் குடையைப் போட்டுவிட்டு, துண்டை உருவிக்கொண்டு ஓடினாள். செல்வக்கனியின் தலையை மடியில் தூக்கிவைத்து, நெற்றியில் துண்டைப் பரப்பினாள்.

“ஏட்டி, முழிச்சுப் பாரு.”

செல்வக்கனி மெல்லக் கண்ணைத் திறந்தாள். நெற்றியைத் தடவிப் பார்த்தாள். துண்டை எடுத்துப் பேச்சித்தாயின் கையில் திணித்தாள்.

“போக்கா, போய் அதுக்குச் சுத்து. ஊதிரப் போவுது.”