ராணிக்கு மீசை

ராணிக்கு ஒரே இரவில் மீசை முளைத்துவிட்டது. அதற்குக் காரணம் நான்.

குற்றாலம் போகிற வண்டிகள் திரும்பும் முக்கில் எங்கள் நாடகக் கம்பெனியின் விளம்பரத் தட்டி நின்றது. ராஜாவும் ராணியும் ஆளுயரத்துக்கு நின்று பாடுகிற படம். வரைந்தது இந்தக் கைதான். சாயப்பொடியில் வச்சிரப் பசையைக் காய்ச்சிச் சேர்த்தால்தான் படம் சாரலுக்குத் தாங்கும். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று யாரோ சொல்ல, பசையை மறந்து குளிக்கப் போனேன். குளித்து வந்த சுகத்தில் வெறும் தண்ணீரிலேயே குழைத்துத் தீட்டிவிட்டேன்.

விடிய விடியச் சாரல். ராஜாவின் கிரீடம் அவர் காலடியில் மஞ்சள் குட்டையாகக் கிடந்தது. ராணியின் கூந்தல் கரைந்து வழிந்து, மூக்குக்குக் கீழே முறுக்கு மீசையாகத் தங்கிவிட்டது. நான் முயன்று வரைந்தால்கூட அவ்வளவு லட்சணமாக வராது.

ஈரத்துணியால் துடைத்தேன். புடவை கரைந்து வந்தது, கன்னம் வந்தது, மீசை மட்டும் வரவில்லை. பூசி மறைக்கலாமென்றால் என் சின்னத் தூரிகை பால்வண்ணநாதனிடம் இருந்தது. புருவம் தீட்டவென்று முந்தின நாள் வாங்கிப்போயிருந்தான்.

பால்வண்ணநாதன்தான் எங்கள் ராணி. பால்பல் விழுமுன்னே கம்பெனிக்கு வந்தவன். பெண் வேஷத்தைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது. ஊரில் பெண் பார்த்திருக்கிறார்கள், விடுங்கள் என்று அவன் கேட்டபோது, "ராணிக்கு எதுக்குலே பொண்டாட்டி?" என்று முதலாளி ஞானசம்பந்தம் சிரித்தது கொட்டகைக்கே தெரியும்.

அன்று மாலை ராணி அழுது பாட வந்ததும் பெஞ்சிலிருந்து ஒருவன், "ஏட்டி, மீசையத் துடச்சிட்டு அழு" என்றான். கொட்டகை குலுங்கியது. மறுநாளும் அதே கூத்து. ராணி வாயைத் திறக்குமுன் சனம் சிரித்தது.

இனி இவன் அழுதால் எவன் அழுவான், ஊருக்குப் போகச் சொல்லும் என்றார் முதலாளி. பசை மறந்தது நான், தண்டனை எனக்குத்தான் என்று கெஞ்சினேன். அப்படியானால் நீரும் கிளம்பும் என்றார். ஊரையே கிண்டல் செய்யும் நான், புதுத் தட்டிக்குச் சாயம் குழைக்கப் போய்விட்டேன்.

வண்டிப்பேட்டையில் பால்வண்ணநாதன் டிரங்குப் பெட்டியோடு சொந்த ஊரான திருவேங்கடத்துக்குப் போகும் வண்டிக்குக் காத்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ சொல்ல நினைத்திருந்தேன்.

"ஒம் பொழப்புல மண்ணப் போட்டுட்டேனே. எம்மேல கோவமாலே?" என்று மட்டும்தான் வந்தது.

அவன் பெட்டியைத் திறந்து என் சின்னத் தூரிகையை எடுத்து நீட்டினான். நுனியில் கறுப்பு காய்ந்து கல்லாய் இறுகியிருந்தது.

"மீசைக்கு நான் வச்சிரம் சேக்க மறக்கல, அண்ணாச்சி."