எல்லாவற்றுக்கும் ஒரே வயர்

“பாப்பா, எண்பது ஆயிருக்கும். வயரைக் கழட்டித் தரச் சொல்லு உங்கப்பாவை.”

சமையலறையிலிருந்து அவள் இப்படிச் சொன்னால் மணி ஏழு என்று அர்த்தம்.

ஹாலில் அவர் போனைத் திருப்பிப் பார்ப்பார். “எழுபத்தெட்டுதான் ஆயிருக்குன்னு சொல்லு பாப்பா.”

“லிப்டையே பாதி மாடியில நிறுத்துறவருக்கு ரெண்டு பர்சென்ட் பெரிய விஷயமான்னு கேளு.”

பாப்பா ஒன்றும் சொல்வதில்லை. தூது போகிறவளுக்கு அபிப்பிராயம் சொல்லும் வேலை கிடையாது.

அவர் லிப்ட் மெக்கானிக். அவள் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசி வெகு நாளாகிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் இருவரும் வந்தவரோடு பேசுவார்கள். வந்தவர் போனதும் வீடு பழையபடி ஆகிவிடும்.

மிச்சமிருந்தது ஏழு மணி மட்டும்தான்.

இரண்டு போனும் ஒரே பழைய ரகம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வயர். அதன் கழுத்தில் அவர் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலே தீப்பெட்டியை வைத்தால்தான் சார்ஜ் ஏறும்.

வேலை முடிந்து வரும் வழியில் அவர் நான்கு மொபைல் கடைகளைத் தாண்டி வருகிறார். அவள் இறங்கும் பஸ் நிறுத்தத்திலேயே ஒரு கடை இருக்கிறது. இன்னொரு வயர் வாங்குவதை இருவருமே தினமும் மறந்தார்கள். மிகவும் கவனமாக மறந்தார்கள்.

அந்த வயரும் போய்விட்டால் அந்த வீட்டில் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

இன்று சாயங்காலம் அவள் தம்பி வந்தான். அக்கா வீட்டில் தினமும் வயருக்குச் சண்டை நடக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் அவனிடம் சொல்லியிருந்தார். அவன் பையிலிருந்து இரண்டு புதுப் போன்களை எடுத்து வைத்தான். இரண்டு வயர்களையும்.

“இனிமே ஊர் உலகத்துக்கே ஒரே பின்னுதான் அக்கா. போனு, லேப்டாப்பு, மாமா முகம் வழிக்கிற மெஷினு, எல்லாத்துக்கும் இதே வயர்தான். தலைகீழா சொருகினாலும் ஏறும். யாரும் யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்க வேணாம்.”

“உனக்கு எதுக்கு மாப்ளே இந்த வேலை?” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

தம்பி உட்கார்ந்து, பழைய போன்களில் இருந்ததையெல்லாம் புதியவற்றுக்கு மாற்றினான். படங்களை மட்டும் அவன் திறந்து பார்க்கவில்லை. எண்ணிக்கை சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. பிறகு பழைய போன்களையும் டேப் சுற்றிய வயரையும் செய்தித்தாளில் பொட்டலம் கட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் ஆபீஸில் இதற்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம்.

அவர் போன் டிவி மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவள் போன் மிக்சிக்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே நேரத்தில்.

மணி ஏழு ஆனது.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். அறுபத்திரண்டு. சாய்க்கவில்லை, எதையும் மேலே வைக்கவில்லை. அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தாள். வாயைத் திறந்தாள். கேட்பதற்கு எதுவுமில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் ஹால் வரை கேட்டது.

“பாத்தீங்களா மாமா, வீடு எவ்ளோ அமைதியா இருக்குன்னு,” என்றான் தம்பி. அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று பையைத் தோளில் மாட்டியபடி எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தான்.

அவர் குனிந்து தன் கருவிப் பையைத் திறந்தார். வயர் வெட்டும் கட்டரை எடுத்தார். இருபத்தாறு வருஷ வேலையில் நல்ல வயர் ஒன்றை அவர் வெட்டியதில்லை. முதலில் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அது கை தானாகச் செய்கிற பழக்கம். பிறகு புது வயரின் நடுவில் கட்டரை வைத்து அழுத்தினார்.

டக்.

“மாமா! என்ன பண்றீங்க?”

தம்பியின் கை தன்னால் பைக்குள் போனது. அவனுடைய சொந்த வயர் உள்ளே இருந்தது. அதே பின். அவர் போனுக்கும் அப்படியே பொருந்தும்.

அவர் அவன் பக்கம் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாப்பா, என் வயர் போயிடுச்சு. உங்கம்மாகிட்ட அவ வயரைக் கொஞ்சம் வாங்கிட்டு வாயேன்.”

தம்பியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லி அவன் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. பாப்பாவைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் அவனும் ஒருவன்.

உள்ளே ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், காத்திருந்தது போல அவசரமாக வந்தது.

“நல்லா இருந்த வயரை வெட்டுற மனுஷனுக்கு என் வயர் எதுக்காம்னு கேளு.”

மிக்சிப் பக்கம் வயரைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

“சரி, இந்தா. கொண்டு போய்க் குடு. தரை ஈரமா இருக்கு, பாத்துப் போ பாப்பா.”

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த குறுகலான இடத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

அவன் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான்.