ஒல்லிக் கடலைச் செடியும் பசித்த எலியும்

மணற்பாங்கான வயலின் மூலையொன்றில் கடலைச் செடிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. யூரியா உரம் மொத்தமும் அங்கேதான் விழுந்தது. அவை இலையாய்த் தழைத்தன. தள்ளி நின்ற ஒல்லிச் செடிக்கு ஒரு பிடிதான் கிடைத்தது. ஆனால் பூத்தபின் காய்பிடிக்கும் விழுதுகளை மண்ணில் இறக்கத் தாராளமாய் இடமிருந்ததால், மண்ணுக்கடியில் கொத்துக் கொத்தாய்க் காய்த்திருந்தது.

பசியோடு ஓர் எலி வந்தது. "யார்கிட்ட காய் அதிகம்?"

"எங்களைப் பார்த்தாலே தெரியலையா?" என்று கூட்டம் மார்தட்டியது.

ஒல்லிச் செடி அவசரமாய்த் தலையாட்டியது. "அவங்க சொல்றது சரிதான் எலியண்ணே. நான் அரைப்பட்டினி."

எலி கூட்டத்தின் அடியில் வெகுநேரம் தோண்டியது. வேரும் மணலும்தான் வந்தன. மூச்சிரைக்க ஒல்லிச் செடியைப் பார்த்தது.

"இத்தனை உரம் தின்னதுங்களுக்கே ஒண்ணுமில்லை. உனக்கு எங்கேயிருந்து இருக்கும், பாவம்!"

"என் தலையெழுத்து அண்ணே," என்று ஒல்லிச் செடி இலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டது. எலி வரப்பைத் தாண்டும்வரை நிமிரவே இல்லை.