குறுக்கே வந்த அலை

பாசிர் கூடாங் துறைமுகத்துக் கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் இணைப்பு ஒரு வாரமாக அறுந்து அறுந்து வந்தது. அதே அலைவரிசையில் இயங்கும் வேறொரு செயற்கைக்கோளுக்கு யாரோ மாட்டிய இணைய டிஷ், திசை மாறிக் கப்பல்களின் செயற்கைக்கோளிடம் பேசிக்கொண்டிருக்கிறது என்று பொறியாளர் லியாக்கத் அலி கண்டுபிடித்தார். சிக்னல் வரும் திசையைக் காட்டும் கருவியோடு, சக ஊழியர் விவேக்குடன் வேனில் தேடக் கிளம்பினார்.

"எந்த அரைவேக்காடு மாட்டினானோ. ஆளைப் பிடிச்சு ஃபைன் போட வைக்கணும்," என்று வழியெல்லாம் பொரிந்து தள்ளினார்.

கருவி காட்டிய தாமான் குடியிருப்புக்குள் வேன் திரும்பியதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"விவேக், பசிக்குது லா. சாப்பிட்டு வந்து பார்க்கலாம்."

"சிக்னல் நல்லா ஏறுது பாய். இப்ப விட்டா பிடிக்க முடியாது."

"பாவம், தெரியாம செஞ்சிருப்பாங்க. ஃபைன்லாம் வேணாம்."

விவேக் அவரை விநோதமாகப் பார்த்தான். பச்சை கேட் போட்ட வீட்டின் முன்னால் கருவி அலறியது. கூரைமேல் டிஷ் கோணலாக நின்றது. விவேக் இறங்கிப் போய் மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்த பெண் அவனைத் தாண்டி வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மத்தியானமே வந்துட்டீங்க? நீங்க மாட்டின டிஷ்ல நெட் ஒழுங்காவே வரல. விஷயம் தெரிஞ்ச ஆள் யாரையாவது கூப்பிடுவோமா?"