தூக்கிப் போடற பானட்

"பயப்படாம புடி. இது தூக்கிப் போடற பானட்தான்."

மனைவியிடம் பாலிஷ்காரர் சொன்னது பொய். தூக்கிப் போடுகிற பானட் இல்லை அது. பட்டறை மூலையில் உறை போட்டு மூடி நிற்கும் கறுப்புக் காரின் எஞ்சின் மூடி. காருக்குச் சொந்தக்காரர் ஒரு வக்கீலம்மா. சலவைக்குப் போட்ட கோட்டில் ஒரு பொத்தான் உடைந்து வந்ததற்காகக் கடைக்காரரை மூன்று வருஷம் கோர்ட்டுக்கு அலையவிட்டவர். நாலு மணிக்கு வண்டி எடுக்க வருகிறார்.

நேற்றுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பானட்டைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்து, தண்ணீர் விட்டு விட்டு, நைஸ் உப்புத்தாளால் அவரே தேய்த்து முடித்தார். தேய்த்த பெயிண்டு சிலேட்டு மாதிரி மங்கிப் போயிருந்தது. இனி பாலிஷ் போட்டால்தான் அதில் முகம் தெரியும். சாயங்காலம் அதே ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். காலையில் வலது மணிக்கட்டு பன் மாதிரி உப்பியிருந்தது. மெஷினைத் தூக்கிப் பார்த்தார். கண்ணில் பூச்சி பறந்தது.

இனி மனைவிதான் கதி. அவளுக்கு நல்ல கை. ஆனால் போன வருஷம் யாருடைய கார்க் கதவிலோ ஓரத்துப் பெயிண்டைத் தீய்த்துவிட்டாள். அன்றிலிருந்து அடுத்தவர் வண்டிமேல் மெஷின் வைக்கவே மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டாள். நசுங்கிய பழைய கதவு என்றால் மட்டும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போடுவாள். அதனால்தான் இந்தப் பொய். வக்கீலம்மா வண்டி முடிந்து மூடியாயிற்று, இது அதே மாடலில் ஒரு காயலாங்கடை பானட், சும்மா தேய்த்து வைத்திருக்கிறேன், கை பழகிக்கொள் என்று சொல்லிவைத்தார். முடிந்த பிறகு உண்மையைச் சொல்லிக் காலில்கூட விழுந்துகொள்ளலாம்.

அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். மூலையில் நின்ற காரைத் தாண்டி, காயப்போட்ட துணிகளை எடுத்துவரப் போனவள் ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

மணி பன்னிரண்டு. கம்பளிப் பேடும் வேகமாகச் சுற்றுகிற மெஷினும் என்றால் ஒரு மணி நேர வேலை. ஆனால் சூடேறினால் பெயிண்டு போச்சு. ஸ்பாஞ்சுப் பேடும் ஆடி ஆடிச் சுற்றுகிற மெஷினும் என்றால் தீயாது. ஆனால் மூன்று மணி நேரம் இழுக்கும். எதை எடுத்தாலும் நாலு மணிக்கு வக்கீலம்மா வந்து நிற்பார். நேரத்துக்குப் பயந்து பாலிஷ்காரர் கம்பளியைக் காட்டினார்.

மனைவி பானட்டின் மேல் குனிந்து பார்த்தாள். உப்புத்தாள் கோடெல்லாம் மெலிசாகத்தான் இருக்கிறது, கம்பளி வேண்டாம் என்று ஆரஞ்சு ஸ்பாஞ்சை எடுத்தாள்.

"காயலாங்கடை பானட்டுக்கு எதுக்கு இவ்ளோ மரியாதை?" என்று கேட்டுவைத்தார். கேட்காவிட்டால் சந்தேகம் வரும்.

"பழகறதுன்னா ஒழுங்காப் பழகணும்ங்க. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பிரசவ ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க."

மெஷின் உறுமியது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அவள் கையகலம் கையகலமாக நகர்ந்தாள். நடுநடுவே மெஷினை நிறுத்திப் புறங்கையைப் பெயிண்டில் வைத்துச் சூடு பார்த்தாள். அவர் கண் ஸ்பாஞ்சிலேயே இருந்தது. அதில் வெள்ளை ஒட்டினால் மேல்பூச்சுதான் தேய்கிறது. கறுப்பு ஒட்டினால் மேல்பூச்சு போய், கலரையே தொட்டாயிற்று என்று அர்த்தம்.

இரண்டரை மணிக்கு, பானட்டின் நடுவே மேடாக ஓடும் வரிக்கு வந்தாள். பெயிண்டு ரொம்ப மெலிசாக இருக்கும் இடம் அது. அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். மெதுவாக என்று கத்தவும் முடியாது. தூக்கிப் போடுகிற பானட்டுக்கு எவன் கத்துவான்?

மெஷின் நகர்ந்தது. வரியின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி, கடலைப்பருப்பு அளவு.

அடியில் பூசின பிரைமர் வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான். அவர் காதில் கோர்ட்டு டவாலி தன் பேரை மூன்று தரம் கூப்பிடுவதுவரை கேட்டது.

அவள் ஈரத்துணியை எடுத்து அந்த இடத்தை ஒரு துடை துடைத்தாள். புள்ளி இல்லை. காய்ந்துபோன பாலிஷ் பசை.

"என்னங்க, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"பசி" என்றார்.

அவள் கறுப்பு மெத்துப் பேடை மாட்டிக் கடைசித் தடவை ஓட்டி முடித்தபோது பட்டறைக் கூரையே பானட்டில் தலைகீழாகத் தெரிந்தது. இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவர் வாயைத் திறந்தார். வாசலில் செருப்புச் சத்தம். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வக்கீலம்மா.

பாலிஷ்காரர் பானட்டுக்கும் வக்கீலம்மாவுக்கும் நடுவில் போய் நின்றார். வக்கீலம்மா அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தார். விரலால் வரியைத் தடவினார். பொய் இந்த நிமிஷம் உடையும், பெண்டாட்டி முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இப்போது பாலிஷ்காரருக்குக் கோர்ட்டைவிடப் பெரிய பயமாக இருந்தது.

வக்கீலம்மா நிமிர்ந்து மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"காலையில போன்ல, 'அவருக்குக் கை வீங்கிப் போச்சும்மா, உங்க பானட்டை நான்தான் தொடப்போறேன், சம்மதமா'ன்னு கேட்டப்ப உங்க குரல் அந்த நடுங்கு நடுங்குச்சு. வேலையில ஒரு நடுக்கமும் தெரியலையே. 'உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்னு தெரிஞ்சா அவர் பயந்துருவாரு'ன்னு சொன்னீங்களே, அவர்கிட்ட இன்னும் சொல்லலையா?"