நோஞ்சான் பம்ப்

"நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, இந்தத் தொப்பியப் போடவே நான் லாயக்கில்ல" என்று, தங்க நிறக் கயிறு வைத்த தொப்பியைக் கழற்றிக் கடை மேசையில் பொத்தென்று வைத்தார் கேப்டன்.

சிமெண்ட் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு மோட்டார் படகு வாங்கியவர் அவர். தொப்பி படகோடு வந்தது. பட்டம் அவரே வைத்துக்கொண்டது. ஆனாலும் அன்று அவர் தெரிந்து ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. இதை யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யலாம்.

படகு சாமான் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். கேப்டன் திட்ட வந்திருக்கும் மெக்கானிக், கடைக்காரர் மனைவியின் தம்பி. மூலையில் ஸ்டூல் போட்டு ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நடந்ததைச் சொல்லுங்க சார்."

"சம்பந்தியா வரப்போறவர் குடும்பத்தோட கிளம்பினேன். இனி ஸ்டீயரிங்கைத் தொடவே வேணாம், படகு தானா போகும்னு பெருமையடிச்சுட்டு, இவன் மாட்டின பெட்டியில ஆட்டோ பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு வந்துச்சு. திசை காட்டுச்சு. கையக் கட்டிக்கிட்டுப் பின்னாடி போய் உட்கார்ந்தேன்."

"அப்புறம்?"

"பெட்டி கீ கீன்னு கத்துச்சு. பாவம், சுக்கானைத் திருப்ப பம்ப் முக்குது போலன்னு விட்டுட்டேன். படகு இடது பக்கமா ஒதுங்குது. இப்பத் திரும்பும், இப்பத் திரும்பும்னு பார்க்கிறேன். பாலத்துத் தூண் தானா வந்து இடிச்சுது. சம்பந்தி மடியில சுடச்சுட காபி."

மச்சினன் நிமிர்ந்தான். "சார், அந்தப் பம்ப்..."

"நீ பேசாத. போன வாரம் இதே இடத்துல தொண்டை கிழியக் கத்தினேன், பெரிய பம்ப்தான் வேணும்னு. சுக்கானைத் தள்ளுற என் ஸ்டீயரிங் சிலிண்டருக்குச் சின்னதே போதும், பெரிசு போட்டா சுக்கான் வெடுக் வெடுக்குன்னு உதறும்னு எனக்கே பாடம் எடுத்தான். இப்ப என்னாச்சு? அந்த நோஞ்சான் பம்ப்பால சம்பந்தி தன் பையனுக்கு வேற இடம் பார்க்கலாமான்னு யோசிக்கிறார்."

"மாமா, நான் என்ன சொல்றேன்னா..."

"வாயை மூடுறா" என்றார் கடைக்காரர். "சிலிண்டருக்கு எவ்வளவு எண்ணெய் பிடிக்கும்னு பார்த்துத்தானே பம்ப் எடுக்கணும். பார்த்தியா?"

"பார்த்தேன். அதுக்குச் சின்னதுதான்..."

"கேட்டீங்களா? அவன் வாயாலயே வந்துருச்சு." கேப்டன் மேசையைத் தட்டியதில் தொப்பி துள்ளியது. "இப்பவே இவனை வெளிய அனுப்புங்க. இல்ல, எங்க கிளப்புல இருக்கிற அத்தனை படகும் நாளையிலேர்ந்து எதிர்க்கடைக்குப் போகும்."

கடைக்காரர் ஒரு பக்கம் அத்தனை படகுகளையும், மறு பக்கம் மனைவியின் முகத்தையும் வைத்துப் பார்த்தார். படகுகள் கொஞ்சம் கனமாக இருந்தன.

"டேய், சாவியை வச்சிட்டுக் கிளம்பு. உங்க அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசப்போவது யார் என்பது இருவருக்குமே தெரியும். மச்சினன் முகம் சிவந்து, சாவிக் கொத்தை விட்டெறிந்தான்.

"போறேன் மாமா. என்னை ஒரு வார்த்தை பேச விட்டீங்களா ரெண்டு பேரும்? சார், பெரிசா சின்னதான்னு வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்னு அன்னைக்குக் கோவமா எந்திரிச்சுப் போனீங்களே, என்ன முடிவு பண்ணீங்க? நான் பொத்தான் பெட்டிய மட்டும் மாட்டிட்டு இன்னும் காத்துக்கிட்டிருக்கேன்."

படகில் பம்ப் என்று ஒன்று இல்லவே இல்லை. சின்னது, பெரியது இரண்டுமே கேப்டனின் தலைக்கு நேர் மேலே, அலமாரியில், பெட்டி பிரிக்காமல் இருந்தன.